முப்பத்தேழு அங்குலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறுவதற்கென்று எதுவும் இல்லை. மலை இல்லை, குன்று இல்லை, ஒரு மேம்பாலம்கூட இல்லை. கொக்குவிலில் ஒரு மாபிள் குண்டை வீதியில் வைத்தால், எந்தப் பக்கம் உருளுவது என்று தெரியாமல் வைத்த இடத்திலேயே நிற்கும். வாகனங்கள் கொஞ்சமாவது முக்கி முனகி ஏறுகிற ஒரே உயரம் பள்ளிக்கூடங்களுக்கு முன்னால் போட்டிருக்கும் வேகத்தடை. இந்த நிலத்தில்தான் குகதாசன் தன்னுடைய ஜீப்பை உயர்த்துவதென்று முடிவெடுத்தார்.

காரணம் நிலத்தில் இல்லை, கட்சியில் இருந்தது. பிரதேச சபைத் தேர்தல் வரப்போகிறது. தவிசாளர் பதவிக்கு யாரை நிறுத்துவது என்பதைக் கட்சியின் மாவட்ட அமைப்பாளர் பஞ்சலிங்கம் கார்த்திகை முடிவதற்குள் நேரில் வந்து பார்த்துத் தீர்மானிப்பார் என்று சொல்லியிருந்தார்கள். பெயர்கள் இரண்டு. ஒன்று, கொக்குவிலில் சீமெந்தும் கம்பியும் தகரமும் விற்கிற, சமாதான நீதவான் பட்டமும் வைத்திருக்கிற குகதாசன். மற்றது, ஓய்வுபெற்ற தபாலதிபர் சோமசேகரம். சோமசேகரத்திடம் ஒரு சைக்கிளும் ஒரு குடையும் இருந்தன. முப்பது வருட உத்தியோகத்தில் அவர் சுயமாக ஒரு முடிவும் எடுத்ததில்லை. அதனால் அவருக்கு எதிரிகளும் இல்லை. இந்த மனிதரிடம் தோற்றுப்போனால் கடையில் மூட்டை தூக்குகிறவன்கூடத் தன்னை மதிக்கமாட்டான் என்று குகதாசன் பயந்தார். அந்தப் பயம் தேவையற்றது. அவன் ஏற்கெனவே மதிப்பதில்லை.

அரசியலைப் பற்றிக் குகதாசனிடம் ஒரேயொரு கொள்கை இருந்தது. காரில் போகிறவனைச் சனம் குனிந்து பார்க்கிறது. ஜீப்பில் போகிறவனை நேரே பார்க்கிறது. எவன் அண்ணாந்து பார்க்க வைக்கிறானோ அவனே தலைவன். உலக வரலாறு முழுவதையும் ஒரு பின்னேரம் கடைக் கதிரையில் இருந்து யோசித்து, அவரே தனியாகக் கண்டுபிடித்த கொள்கை. அதன்படி காரை விற்று, குருணாகலிலிருந்து ஒரு பழைய ஜீப்பை இறக்கி, கறுப்பு நிறம் அடித்தார். பத்து நாள் ஓடிப் பார்த்தார். சனம் நேரேதான் பார்த்தது. பதினோராம் நாள், யாழ்ப்பாணம் ஐந்து சந்தியில் கராஜ் வைத்திருக்கும் ஜிப்ரியிடம் போனார்.

ஜிப்ரி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறில் சனத்தோடு சனமாகப் புத்தளத்துக்குப் போய், அங்கே உப்பளத்து லொறிகளுக்கு அடியில் படுத்துத் தொழில் பழகித் திரும்பி வந்தவர். ஜீப்புகளைப் பற்றி அவருக்கு நிறையத் தெரியும். ஜீப் வைத்திருப்பவர்களைப் பற்றி அதைவிடக் கூடத் தெரியும்.

“உயர்த்த வேணும்,” என்றார் குகதாசன்.

“உயர்த்தலாம் அண்ணை. எங்கை ஏறப் போறியள்?”

“எங்கை எண்டால்?”

“இல்லை, மலைக்கு ஒரு மாதிரிச் செய்ய வேணும், மணலுக்கு ஒரு மாதிரி, சேத்துக்கு வேறை மாதிரி. அதுதான் கேட்டனான். மணற்காட்டுப் பக்கம் போவியளோ?”

“அங்கை எனக்கு என்ன அலுவல்? அது எங்கடை சபைக்குள்ளை வராது.”

“அப்ப எங்கை ஓடுவியள்?”

“கொக்குவில், இணுவில், மருதனார்மடம். பின்னேரத்திலை கோயிலடி.”

ஜிப்ரி கையிலிருந்த துணியால் ஸ்பானரைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த ஸ்பானர்.

“முழுக்கத் தார் போட்ட காப்பெற் றோட்டு,” என்றார்.

“மாரியிலை வெள்ளம் வருந்தானே. சனத்துக்கு உதவி வேண்டாமோ? மக்கள் சேவைக்குத்தான் ஐசே உது.”

“வெள்ளத்துக்கெண்டால் ரெண்டு அங்குலம் காணும். ஸ்பிரிங் மாத்துவம், ஷொக் மாத்துவம், முப்பத்தொரு அங்குல ரயர் போடுவம். முழங்கால் தண்ணிக்குள்ளை வள்ளம் மாதிரிப் போகும். பொம்பிளையள், வயசான ஆக்கள் எல்லாரும் ஏறி இறங்கலாம்.”

“முப்பத்தொண்டோ? டொக்டற்றை ஜீப்புக்கு என்ன அளவு?”

எந்த டொக்டர் என்று ஜிப்ரி கேட்கவில்லை. கொக்குவிலில் ஒவ்வொரு சந்து ஒழுங்கையிலும் ஒரு டொக்டர் இருக்கிறார். ஒவ்வொரு டொக்டருக்கும் பக்கத்து வீட்டில் ஒரு குகதாசன் இருக்கிறார்.

“முப்பத்திமூண்டு,” என்றார்.

“அப்ப எனக்கு முப்பத்தைஞ்சு.”

இவ்வளவு பெரிய விசயம் இவ்வளவு கெதியாகத் தீர்ந்துவிட்டதில் குகதாசனுக்கே ஒரு சந்தேகம் வந்தது. கைத்தொலைபேசியை எடுத்துச் சாத்திரி ஏரம்புவை அழைத்தார். அவருடைய இரண்டு கடைகளுக்கும் நாள் வைத்துக் கொடுத்தவர் ஏரம்பு. சஸ்பென்ஷன் என்றால் என்ன என்று ஏரம்பு கேட்கவில்லை. எண்ணை மட்டும் கேட்டார். குரல் கராஜ் முழுவதும் கேட்டது.

“முப்பத்தைஞ்சோ? கூட்டிப் பாரும். மூண்டும் அஞ்சும் எட்டு. எட்டு சனி. சனியை நாலு பக்கமும் பூட்டிக்கொண்டு ஓடப் போறீரோ?”

“முப்பத்தொண்டு?”

“நாலு. ராகு. கூட இருந்து குழி பறிக்கும்.”

“முப்பத்திமூண்டு?”

“ஆறு. சுக்கிரன். கலியாணக் காருக்கு நல்லது. உமக்கு என்ன தேவை?”

“பதவி.”

மறுமுனையில் கடதாசி புரளும் சத்தம் கேட்டது. “முப்பத்தேழு இருக்கோ எண்டு கேளும். மூண்டும் ஏழும் பத்து. பத்து எண்டால் ஒண்டு. ஒண்டு சூரியன். அரச பதவிக்கு அதை விட்டால் வேறை இல்லை.”

குகதாசன் ஜிப்ரியைப் பார்த்தார். “முப்பத்தேழு இருக்கோ?”

“இருக்கு. வெளிநாட்டிலை வீடு மாதிரிக் கல்லுகளுக்கு மேலை ஏறுறவை போடுறது. கொழும்பிலை எடுக்கலாம். ஆனா ஒருக்காக் கேளுங்கோ அண்ணை. அந்த ரயர் மேலை முட்டாமல் சுத்துறதுக்கு ஆறு அங்குலம் உயர்த்த வேணும். மட்கார்ட் வெட்ட வேணும். பிரேக் குழாய் நீட்ட வேணும். வளைவிலை சாயும். மீற்றர் நாப்பது காட்டேக்கை வாகனம் அம்பதிலை ஓடும். பிரேக்கை மிதிச்சால், நிக்கிறதோ இல்லையோ எண்டு கொஞ்சம் யோசிச்சுப்போட்டுத்தான் நிக்கும்.”

“ஆறு அங்குலம்,” என்றார் குகதாசன் தொலைபேசியிடம். “ஆறு சுக்கிரனெல்லே? அது பரவாயில்லையோ?”

“திறம்,” என்றது தொலைபேசி.

“சாத்திரியார் பிரேக்கைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை,” என்றார் ஜிப்ரி.

“நீர் வேலையைத் தொடங்கும்.”

“கீழை ஒரு ஏறுபடி அடிச்சுத் தரட்டோ? உந்த உயரத்துக்குப் படி இல்லாமல் ஏறேலாது.”

“படியோ? படி பூட்டினால் பள்ளிக்கூட வான் மாதிரி இருக்கும். இருக்கிற படியையும் கழட்டும்.”

“அப்ப ஏறுறவை?”

“தலைவனுக்குப் பக்கத்திலை இருக்க ஆசை எண்டால் ஏறத்தான் வேணும்.”

தொழிலில் ஜிப்ரிக்கு ஒரு முறை உண்டு. மூன்று தரம் சொல்வார். நாலாம் தரம் ஸ்பானரை எடுப்பார். பொலிஸ் மறித்தால் தன்னுடைய கராஜின் பெயரைச் சொல்லக்கூடாது என்பதை மட்டும், வேலை முடிந்து திறப்பைக் கொடுக்கும்போது சொன்னார்.

ஜீப் வீட்டுக்கு வந்தபோது குகதாசனின் மனைவி ஞானாம்பிகை முற்றத்தில் நின்றார். சக்கரம் அவருடைய இடுப்பைத் தாண்டி நின்றது.

“உதென்ன?”

“ஜீப்.”

“அது விளங்குது. மிச்சம் என்ன?”

குகதாசன் அங்குலங்களைச் சொன்னார். சூரியனையும் சொன்னார். ஞானாம்பிகை பொறுமையாகக் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நான் உதிலை எப்பிடி ஏறுறது?”

“சாறியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு…”

“எவ்வளவு தூக்க வேணும் எண்டு அளந்து பாத்தனீங்களோ? அதையும் கூட்டிச் சாத்திரியாரிட்டைக் கேளுங்கோ.” அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஞானாம்பிகை கோயிலுக்கு ஓட்டோவில் போனார்.

ஆனால் கொள்கை பலித்தது. சனம் அண்ணாந்து பார்த்தது. அதைவிட, குகதாசனுக்குச் சனம் தெரிந்தது. கொக்குவில்காரர்கள் ஆளுயரத்துக்கு மேல் மதில் கட்டி, அதற்குள் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து பழகியவர்கள். இப்போது ஒழுங்கையால் ஜீப் போகும்போது ஒவ்வொரு வீட்டுக் கிணற்றடியும், கொடியில் காய்வதும், குளிக்கிறவர்களும் குகதாசனுக்குத் தெரிந்தார்கள். அவர் வணக்கம் சொல்லிக்கொண்டு போனார். ஒரு கிழமைக்குள் அந்த ஒழுங்கையில் மூன்று வீட்டு மதில்களுக்கு மேல் தகரம் ஏறியது. தகரம் அவருடைய கடையிலேயே வாங்கப்பட்டது. ஊர் தன்னோடு சேர்ந்து உயர்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வாகனத்துக்குப் பூசை போட வேண்டும். மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலடிக்கு ஒரு சனிக்கிழமை காலை ஜீப் போனது. படம் எடுக்க றஜிந்தனும் போனார். றஜிந்தன் கலியாணவீட்டு வீடியோக்காரர்; கலியாணம் இல்லாத மாதங்களில் குகதாசனின் முகநூலைப் பார்த்துக்கொள்கிறவர். “மக்களின் உயரம்” என்ற தலைப்பு அவர் போட்டதுதான்.

குருக்கள் பொட்டு வைத்தார். மாலை போட ஆள் எட்டாததால் மாலையைக் கண்ணாடியில் எறிந்து கொளுவினார். தேங்காய் உடைத்தார். நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு தேசிக்காயை வைத்து, “மெல்ல முன்னுக்கு எடுங்கோ,” என்றார்.

குகதாசன் எடுத்தார். தேசிக்காய் நசியும் சத்தம் கேட்கவில்லை. குருக்கள் குனிந்து பார்த்தார். நாலு காயும் வைத்தது வைத்தபடி இருந்தன. இல்லை, மூன்றுதான். நாலாவது, ரயரின் பூ வெட்டுக்குள் புகுந்து, சக்கரத்தோடு சேர்ந்து மேலே போய், மட்கார்ட்டுக்குக் கீழே பத்திரமாக இருந்தது. சேற்றைக் கவ்வுவதற்காக அந்த ரயரில் பூவுக்குப் பூ ஒரு கை போகிற இடைவெளி விட்டிருக்கிறார்கள். தேசிக்காய்க்கு அது அளவெடுத்துச் செய்த வீடு.

“பின்னுக்கு எடுங்கோ.”

பின்னுக்கு எடுத்தார். நாலாவது கீழே வந்தது. இரண்டாவது மேலே போனது.

“காய் சின்னனாப் போச்சு,” என்றார் குகதாசன் மேலே இருந்து.

“காயிலை பிழையில்லை,” என்றாள் கோயில் வாசலில் கச்சான் கடலை விற்கிறவள். “ரயர்தான் காயைக் கண்டு ஒதுங்குது.”

ஐந்து தரம் முன்னுக்கும் பின்னுக்கும் போயிற்று. சந்தியில் பஸ் ஹோன் அடித்தது. மரக்கறிச் சந்தைக்கு வந்தவர்கள் பைகளோடு நின்று பார்த்தார்கள். நசியாத தேசிக்காயோடு வாகனத்தை அனுப்பினால் கண்ணூறு கழியாது. அனுப்பாவிட்டால் பஸ் போகாது. குருக்கள் யோசித்தார். பிறகு, பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரரைக் கூப்பிட்டு, நாலு காயையும் வரிசையாக வைத்து, “தம்பி, ஒருக்கா இதுக்கு மேலாலை போம்,” என்றார். ஓட்டோ போனது. நாலும் நசிந்தன. கண்ணூறு ஜீப்புக்குக் கழிந்ததா, ஓட்டோவுக்குக் கழிந்ததா என்று குருக்களிடம் யாரும் கேட்கவில்லை. றஜிந்தன் வீடியோவில் தேங்காய் உடைப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கார்த்திகைக் கடைசியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. ஊருக்குப் பின்னாலுள்ள குளத்தடிக் குடியிருப்பில் நாற்பது வீடுகள், ஒரே ஒழுங்கை. அந்த ஒழுங்கையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பிரதேசம் முழுவதிலும் வெள்ளத்தை மனம் நிறைந்து வரவேற்ற ஒரே மனிதர் குகதாசன். அன்று பின்னேரம் பஞ்சலிங்கம் தொலைபேசியில் வந்தார்.

“நாளைக்குக் காலமை வாறன். குளத்தடியைப் பாக்க வேணும். உம்மடை வாகனம் உயரம் எண்டு கேள்விப்பட்டன். அதிலை போவம். போய்ப் பாத்துப்போட்டு, அந்த விசயத்தையும் முடிவாக்கிவிடுவம்.”

அந்த விசயம் எந்த விசயம் என்று குகதாசனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தவிசாளர் ஆசனம் தன்னுடைய ஜீப்பின் முன் இருக்கையில் ஏறப்போகிறது என்று ஞானாம்பிகையிடம் சொன்னார். “ஏறட்டும் பாப்பம்,” என்றார் ஞானாம்பிகை.

காலையில் குளத்தடி ஒழுங்கை முகப்பில் ஜீப் கழுவித் துடைத்து நின்றது. பஞ்சலிங்கம் வந்து இறங்கினார். எழுபத்துமூன்று வயது, வெள்ளை வேட்டி, வலது முழங்காலில் கொழும்பில் செய்த சத்திர சிகிச்சை. திறந்திருந்த கதவை அவர் அண்ணாந்து பார்த்தார். கொள்கை அவரிடத்திலும் வேலை செய்தது.

“படி எங்கை ஐசே?”

“படி இல்லை ஐயா. கைபிடி இருக்கு. வலக்காலை வைச்சு ஏறுங்கோ.”

“வலக்கால்தான் வெட்டித் தைச்ச கால்.”

“புது வாகனம் ஐயா. இடக்காலை முதல் வைக்கக் கூடாது.”

பஞ்சலிங்கமும் கோயில் குளம் பார்க்கிற மனிதர். அது சரிதான் என்று பட்டது. தைத்த காலைத் தூக்கினார். அது சக்கரத்தின் பாதிக்கு வந்து நின்றது. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்தார்கள். கதிரை சேற்றில் ஒரு காலை விரித்தது. றஜிந்தன் முன்னால் ஏறி நின்று இழுத்தார். குகதாசன் பின்னால் நின்று உந்த வேண்டியிருந்தது. வேட்பாளராக விரும்பும் ஒருவர் மாவட்ட அமைப்பாளரை எந்த இடத்தில் பிடித்து உந்தலாம் என்பது கட்சி யாப்பில் இல்லை. குகதாசன் ஒரு இடத்தைத் தெரிவு செய்தார். பஞ்சலிங்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த இடம் பிழை என்று தெரிந்தது.

அந்த நேரம் ஒரு லாண்ட்மாஸ்ரர் தட தடவென்று வந்தது. பின்னால் பெட்டி பூட்டிய சின்ன உழவு மிசின். பெட்டிக்குள் பாண் அடுக்கிய மூடைகளும் தண்ணீர்ப் போத்தல்களும் இருந்தன. அவற்றுக்கு நடுவில் குடையைப் பிடித்தபடி சோமசேகரம் இருந்தார். அவர் பிரசாரத்துக்கு வரவில்லை. பாண் எண்ணிக் கொடுக்க ஒரு நேர்மையான ஆள் வேண்டும் என்று பேக்கரிக்காரர் கேட்டிருந்தார். மாட்டேன் என்று சொல்வதும் ஒரு முடிவு என்பதால் சோமசேகரம் வந்துவிட்டார்.

“ஐயா, இதிலை இருக்கலாம்,” என்றார். “உயரம் இல்லை, பதிவாய் இருக்கு.”

பஞ்சலிங்கம் பெட்டியின் விளிம்பில் இருந்து, ஒரு தரம் திரும்பி, உள்ளே போனார். அவ்வளவுதான். ஒரு பாண் மூடையில் சாய்ந்து காலை நீட்டினார். அந்தக் காலையில் அவர் முகத்தில் முதல் தரமாக நிம்மதி தெரிந்தது.

“நீர் பின்னாலை மெல்ல வாரும்,” என்றார் குகதாசனிடம்.

குகதாசனுக்கு அது கேட்டது. ஆனால் லாண்ட்மாஸ்ரருக்குப் பின்னால் போகிற தலைவனை அவர் எந்த வரலாற்றிலும் கண்டதில்லை. முன்னால் போய் வழி காட்ட வேண்டும். சனம் தன்னைச் சூழ்ந்து நிற்கிற நேரம் பஞ்சலிங்கம் வந்து சேர வேண்டும். சோமசேகரம் குடையைச் சுருக்குவதற்குள் காரியம் முடிந்திருக்கும். கியரைப் போட்டு, லாண்ட்மாஸ்ரரைத் தாண்டி, தண்ணீருக்குள் இறங்கினார்.

அது நல்லாகத்தான் ஓடியது. அதை மறுக்க முடியாது. முப்பத்தேழு அங்குல ரயர் நாலும் தண்ணீரை உழுதுகொண்டு போக, இரண்டு பக்கமும் அலை எழுந்து விரிந்தது. வாழ்க்கையில் முதல் தரமாகக் குகதாசனுக்குத் தான் எதையோ பிளந்துகொண்டு போகிறேன் என்ற உணர்ச்சி வந்தது. மீற்றர் இருபது காட்டியது. வாசல்களில் சனம் நின்றது. பெண்களும் கிழவர்களும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்கள். வாய்கள் திறந்து மூடின. எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

“அண்ணை, சனம் கை காட்டுது,” என்றார் பின் இருக்கைக்கு மாறியிருந்த றஜிந்தன்.

“எடு, எடு. ரெண்டு பக்கமும் எடு.”

குகதாசனும் கண்ணாடியை இறக்கிக் கை காட்டினார். அவர் கை காட்டக் காட்டச் சனம் இன்னும் வேகமாகக் கை ஆட்டியது. ஒரு கிழவர் தோளில் கிடந்த துவாயைக் கழற்றிச் சுழற்றினார். இப்படியொரு வரவேற்பு இந்தக் கட்சியில் ஒருவருக்கும் கிடைத்ததில்லை என்று குகதாசன் நினைத்தார்; அந்த நினைப்பில் பிழையில்லை. ஒழுங்கை முடிவில் திருப்பினார். வெளிச்சம் இந்தப் பக்கம் வடிவாக விழுகிறது, இன்னும் கொஞ்சம் கெதியாக வந்தால் படம் எடுபடும் என்றார் றஜிந்தன். கொஞ்சம் கெதியாக வந்தார். எதிரே வந்த லாண்ட்மாஸ்ரரின் பெட்டிக்குள் அலை ஒரு பக்கத்தால் ஏறி மற்றப் பக்கத்தால் இறங்கியது. பாண் மூடைகளுக்கு மேலால்தான் இறங்கியது. பஞ்சலிங்கத்துக்கு மேலாலும்.

ஒழுங்கையின் நடுவில் ஒரு பெண் வந்து நின்றார். சாறியை இழுத்துச் செருகியிருந்தார், கையில் வீடு கூட்டுகிற தும்புத்தடி. பெயர் உதயகலா. குகதாசன் பிரேக்கை மிதித்தார். ஜீப் யோசித்து, உதயகலாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவர் விலகவில்லை. அவர் சொன்னது ஒன்றும் மேலே எட்டவில்லை. குகதாசன் எஞ்சினை நிறுத்தினார்.

“என்ன தங்கச்சி, என்ன தேவை? சொல்லுங்கோ, எழுதி எடுக்கிறம்.”

“இறங்குங்கோ.”

“பரவாயில்லை, சொல்லுங்கோ. கேக்குது.”

“எனக்குக் கழுத்து நோகுது. இறங்குங்கோ.”

குகதாசன் காலை வெளியே விட்டுப் படியைத் தேடினார். படி ஐந்து சந்தியில் இருந்தது. பிறகு குதித்தார். குதித்தது ஒழுங்கையின் கரையில் ஓடும் வடிகானுக்குள். எழும்பி நிமிர்ந்தபோது தண்ணீர் நெஞ்சுக்கு நின்றது. உதயகலாவின் முகம் அவருடைய முகத்துக்கு மேலே இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

“நாங்கள் கை காட்டினது நில்லுங்கோ எண்டு,” என்றார் உதயகலா. “நீங்களும் கை காட்டிக்கொண்டு போறியள்.”

“சத்தம் கேக்கேல்லைத் தங்கச்சி.”

“மூண்டு நாளாய் மண் மூடை அடுக்கித் தண்ணியை வாசலிலை மறிச்சு வைச்சிருந்தனாங்கள். மழையாலை ஏலாததை நீங்கள் ரெண்டு தரம் ஓடிச் செய்துபோட்டியள். உள்ளை வந்து பாருங்கோ. பாய், அரிசி, எல்லாம் மிதக்குது. என்ரை பிள்ளை சாருஜாவுக்கு ஏ.எல். சோதினை. ரெண்டு வருசம் எழுதின கொப்பி முழுக்கத் தண்ணிக்குள்ளை.”

“கொப்பி நான் வாங்கித் தாறன்.”

“எழுதினதை எந்தக் கடையிலை வாங்குவியள்?”

அக்கம்பக்கத்து வாசல்களிலிருந்து ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கி வந்து நின்றார்கள். எல்லோரும் குகதாசனைக் குனிந்து பார்த்தார்கள்.

“இனி உதை ஸ்ராட் பண்ணக் கூடாது. வெளியிலை எடுக்கிறதெண்டாலும் திரும்ப அலை அடிக்கும். தண்ணி வத்தும் மட்டும் உதிலை நிக்கட்டும். திறப்பைத் தாங்கோ.”

அவர் திறப்பைக் கொடுத்தார். ஒரு எதிர்ப்பும் இல்லாமல், இரண்டு கையாலும் கொடுத்தார். லாண்ட்மாஸ்ரர் வந்து பக்கத்தில் நின்றது. சோமசேகரம் நனைந்த பாணை நனையாத பாணிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். பிரிப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. பஞ்சலிங்கத்தின் வேட்டி நெஞ்சு வரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

“ஏறும்,” என்றார் பஞ்சலிங்கம்.

குகதாசன் ஏறினார். ஏறுவதற்குச் சிரமமே இருக்கவில்லை.

“அண்ணை,” என்றார் ஜீப்பின் பின் இருக்கையில் இன்னமும் கமராவோடு இருந்த றஜிந்தன், “இதையும் போடவோ?”

தண்ணீர் வற்ற நாலு நாள் எடுத்தது. ஐந்தாம் நாள் காலை குகதாசன் குளத்தடிக்கு நடந்து போனார். அவருடைய ஜீப்பைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கூரையில் இரண்டு மெத்தையும் ஒரு பாயும் காய்ந்தன. மட்கார்ட் நாலிலும் சுளகுகளில் அரிசி பரவிக் கிடந்தது. பொனற் முழுவதும் கொப்பித் தாள்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கூழாங்கல் வைத்திருந்தார்கள். ஒழுங்கையிலேயே வெயில் நேரே விழுகிற, ஆடு எட்டாத, கோழி ஏறாத ஒரே இடம் அதுதான். உதயகலா ஒரு கதிரையில் ஏறி நின்று தாள்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு எடுங்கோ அண்ணை,” என்றார். குரலில் கோபம் இல்லை. “இரசாயனம் இன்னும் காயேல்லை. பௌதிகம் காஞ்சிட்டுது.”

குகதாசன் நின்றார். அவருடைய சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. பஞ்சலிங்கம்.

“நான் சுத்தி வளைக்கேல்லை,” என்றார் பஞ்சலிங்கம். “சோமசேகரத்தைப் போட்டாச்சு. வேட்புமனுப் பேப்பரும் அனுப்பியாச்சு. நீர் மனம் நோகக் கூடாது.”

“இல்லை ஐயா.”

“ஒழுங்கையிலை கேட்டுப் பாத்தன். உம்மடை பேரைச் சொன்னாலே தும்புத்தடியை எடுக்கினம்.”

“ஓம் ஐயா.”

“ஆனா ஜீப் நல்ல உயரம். மேலை ஒலிபெருக்கி கட்டினால் மூண்டு ஒழுங்கைக்கு அங்காலை கேக்கும். சோமசேகரத்துக்கு வாகனம் இல்லை. பிரசாரத்துக்கு அதைத் தாரும். நீரே ஓட்டும், வேறை ஆருக்கும் அதிலை ஏறேலாது.”

குகதாசன் ஜீப்பை அண்ணாந்து பார்த்தார். தபாலதிபர் சோமசேகரத்துக்கு வாக்குக் கேட்டுக்கொண்டு, கொக்குவிலிலிருந்து மருதனார்மடம் வரை, தன்னுடைய முப்பத்தேழு அங்குலத்தில் தானே போவதை நினைத்துப் பார்த்தார். கடையில் மூட்டை தூக்குகிறவன் வாசலில் நின்று அதைப் பார்ப்பதையும் நினைத்தார். மறுத்துவிடலாம். மானமுள்ளவன் மறுப்பான்.

“ஐயா,” என்றார். “தாறன். ஒரேயொரு சின்ன விண்ணப்பம்.”

“சொல்லும்.”

“அறிவிப்பு முடியேக்கை ஒரு வரி சேர்க்க வேணும். ‘வாகனமும் ஒலிபெருக்கியும் உபயம்: கொக்குவில் திரு. குகதாசன், சமாதான நீதவான்.’”

கோயிலில் ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்தாலும் அந்த விளக்கில் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதுவிக்கிற ஊர். பஞ்சலிங்கமும் அந்த ஊர்தான். அவருக்கு அது நியாயமாகப் பட்டது.

“சரி. ஆனா சோமசேகரத்தின்ரை பேருக்குப் பிறகுதான்.”

“பிறகுதான் ஐயா. ஆனா கொஞ்சம் ஆறுதலாய்ச் சொல்லச் சொல்லுங்கோ. ‘உபயம்’ எண்டு நிப்பாட்டி, மூச்சு விட்டு, பிறகு பேர்.”

தொலைபேசியை வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே, காய்கிற தாள்களுக்கு முன்னால் நின்று, குகதாசன் அந்த வரியைச் சொல்லிப் பார்த்தார். முதலில் கம்பீரமாக. பிறகு உருக்கமாக. மூன்றாம் தரம், சமாதான நீதவான் என்ற இடத்தில் குரலை மேலே எழுப்பி, அங்கேயே கொஞ்சம் நிறுத்தி.

உதயகலா ஒரு தாளைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். மை கரைந்து, எழுத்தும் சமன்பாடும் ஒன்றாகிப் போயிருந்தன. அதைத் தனியாக மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

“மூண்டாவதுதான் எடுபடுது அண்ணை,” என்றார், திரும்பிப் பார்க்காமலே.